அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார்: ஏறி இறங்கச் சுலபமான வண்டியைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிற பெரியவர்கள் ஷோரூமில் முதலில் செய்வது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்ப்பது. உட்காருவது யாருக்கும் வரும், உடம்பு எடையே கீழே இழுத்து உட்கார வைத்துவிடும். இறங்குவதுதான் சோதனை. தொடையும் முட்டியும் இடுப்பும் சேர்ந்து மொத்த எடையையும் கீழிருந்து மேலே தூக்க வேண்டும், அதுவும் ஒன்றரை மணி நேரம் ஓட்டி மூட்டெல்லாம் இறுகிப் போன பிறகு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க இறங்குவதை மையமாக வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். குதிரைத்திறனும் வேகக் கணக்கும் எங்கே தேடினாலும் கிடைக்கும், உங்கள் முட்டிக்கு எந்த வண்டி ஒத்துவரும் என்பதை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் இந்த ஆசை ஒன்றும் புதிதில்லை. சோழவரம் ரேஸைப் பார்க்க மெனக்கெட்டு மெட்ராஸ் போனவர்கள், கோவை ரேஸ்காரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்கிற ரேஸ் காரை உருவாக்கிய காலத்தில் வாலிபர்களாக இருந்தவர்கள், 2005-ல் நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது டிவியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே ஏராளம். மில்லையோ பட்டறையையோ தோட்டத்தையோ மகன் கையில் கொடுத்த பிறகு இப்போதுதான் நேரமும் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. "இந்த வயசுல இது எதுக்குங்க மாமா" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். ஆசையை விட வேண்டியதில்லை, வண்டியைச் சரியாகப் பார்த்து எடுத்தால் போதும்.

முதலில் உங்கள் உடம்பை அளந்துகொள்ளுங்கள்

ஷோரூம் போகும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. வீட்டில் இருக்கிற நாற்காலி, கட்டில், முக்காலி, திண்ணை எல்லாவற்றிலும் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கையை எங்கும் ஊன்றாமல் எழ முடிகிற மிகத் தாழ்வான இருக்கை எது? ஒரு கையை மட்டும் ஊன்றி எழ முடிகிற மிகத் தாழ்வான இருக்கை எது? டேப் வைத்து இரண்டின் உயரத்தையும் தரையிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, நின்றபடி உங்கள் முட்டியின் பின்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். இந்த மூன்று எண்கள்தான் உங்கள் கையில் இருக்கிற உண்மையான அளவுகோல்.

காரணம் எளிது. உட்கார்ந்திருக்கும்போது இடுப்பு முட்டிக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருந்தால் சுலபமாக எழலாம். இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்க இறங்கத் தொடைத் தசைக்கு வேலை ஏறிக்கொண்டே போகும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களில் நடப்பது அதுதான். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கலாம், தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் அந்தக் கோணம் தானாகவே தாண்டிவிடும். அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் கேட்காமல் டெஸ்ட் டிரைவுக்குக்கூடப் போக வேண்டாம்.

எந்த முட்டி வலிக்கிறது என்பதும் முக்கியம். நம்ம ஊர் வண்டியில் ஓட்டுநர் சீட் வலப்பக்கம். வழக்கப்படி ஏறினால் வலது காலில் மொத்த எடையையும் நிறுத்தி இடது காலை உள்ளே விடுவோம், இறங்கும்போதும் வலது கால்தான் முதலில் தரையில் ஊன்றும். ஆகவே வலது முட்டி மோசமாக இருப்பவர்களுக்கு ஓட்டுநர் பக்கம் கஷ்டம், இடது முட்டி மோசமானவர்களுக்குப் பக்கத்து சீட் கஷ்டம். வீட்டம்மா எந்த முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அவரும் கூட வரத்தான் போகிறார்.

கூரை உயரத்தை வைத்து ஒரு வடிகட்டல்

எல்லா வண்டியின் மொத்த உயரமும் கம்பெனி விவரக் குறிப்பில் இருக்கும். சீட் உயரம் அதில் இருக்காது, ஆனால் கூரை உயரமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். போர்ஷே 911, பிஎம்டபிள்யூ இசட்4, எம்ஜி சைபர்ஸ்டர் எல்லாம் சுமார் 1.3 மீட்டர். பிஎம்டபிள்யூ எம்2 சுமார் 1.4. அதே கம்பெனியின் எம்340ஐ 1.44-க்குப் பக்கம், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ அதைவிடக் கொஞ்சம் உயரம். என் கணக்கு இது: முட்டி நன்றாக இருந்தால் 1.3 மீட்டர் வண்டிகளையும் பார்க்கலாம், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறவர்கள் 1.4-லிருந்து ஆரம்பிக்கலாம், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 1.44-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அந்த உயரத்திலும் உண்மையான ஸ்போர்ட்ஸ் வண்டிகள் இருக்கின்றன, அவற்றின் பெயர்களைக் கடைசியில் சொல்கிறேன்.

கதவும் அதன் அடிவிளிம்பும்

கதவைத் திறந்ததும் காலைத் தூக்கித் தாண்ட வேண்டிய விளிம்பு ஒன்று இருக்கிறதே, அதன் உயரத்தையும் அகலத்தையும் பாருங்கள். அகலமாக இருந்தால் சீட் தள்ளிப் போய்விடும், இடுப்பை நீட்டித் தூக்கிப் போட வேண்டியிருக்கும். லோட்டஸ் எலிஸ் மாதிரி வண்டிகளில் இரு பக்கமும் உறுதிக்காக உயர்ந்த, அகன்ற சட்டம் ஓடுவதால் விளிம்பு பெரிதாகவே இருக்கும். 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்-ன் கதவுகள் இறக்கை மாதிரி மேல்நோக்கித் திறந்ததற்கும் இதுதான் காரணம்: குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக ஏறி நின்றதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. உள்ளே நுழைய வசதியாக ஸ்டியரிங்கையே மடக்கும்படி செய்ய வேண்டியிருந்தது. அழகான கதவைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சைபர்ஸ்டரின் கதவும் மேல்நோக்கித் திறக்கும், நெருக்கமான பார்க்கிங்கில் அது உதவி, ஆனால் சீட் தாழ்வுதான்.

இரண்டு கதவு வண்டிகளில் கதவு நீளம். திறந்தவெளியில் அது பெரிய வசதி, வாசல் அகலமாகக் கிடைக்கும். கிராஸ் கட் ரோட்டுப் பக்கம் நெருக்கியடித்து நிறுத்திவிட்டால் அதே கதவு பாதிகூடத் திறக்காது, அந்தச் சந்துக்குள் உடம்பைத் திருகித்தான் வெளியே வர வேண்டும். நான்கு கதவு வண்டியின் முன்கதவு குட்டை, பாதி திறந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். தினமும் டவுனுக்குள் போகிறவர்களுக்கு நான்கு கதவு என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு கதவு வண்டியில் சீட் பெல்ட் தோளுக்கு வெகு பின்னால் இருக்கும். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப் போகிற தொந்தரவு மற்றவர்களைவிட அதிகம் வரும், அவர்களுக்குக் கையைப் பின்னால் கொண்டுபோய் பெல்ட்டை எட்டுவது தினசரி வேதனை. கூரை நிலையாக மூடிய இரண்டு கதவு வண்டியைக் கூப்பே என்பார்கள், சில கூப்பே வண்டிகளில் பெல்ட்டை முன்னால் நீட்டிக் கொடுக்கிற கை இருக்கிறது. இருக்கிறதா என்று கேளுங்கள்.

முன்கண்ணாடி ஓரத்துத் தூண் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள், ரொம்பச் சாய்ந்திருந்தால் ஏறும்போதெல்லாம் தலையைக் குனிய வேண்டும், கழுத்துத் தேய்மானம் இருப்பவர்களுக்கு ஆகாது. திறந்த கூரை வண்டிகளுக்கு இங்கே ஒரு நன்மை உண்டு: கூரையைத் திறந்துவிட்டால் தலை இடிக்காது, நேராக நிமிர்ந்து எழலாம். தாழ்வான வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கூப்பேயைவிடக் கன்வர்ட்டிபிளைப் பார்ப்பது புத்திசாலித்தனம். சித்திரை வெயிலில் கூரையைத் திறந்து ஓட்ட முடியாது, ஏறி இறங்கும் நேரத்துக்கு மட்டும் திறந்தால் போதும்.

சீட்

ஸ்போர்ட்ஸ் சீட்டில் இரு பக்கமும் மேடாக எழும்பி நிற்கும், வளைவில் உடம்பு நகராமல் பிடிக்கத்தான் அது. அதே மேடு இறங்கும்போது தொடையின் கீழ் அழுத்தி நம்மை உள்ளேயே பிடித்து வைக்கும். முதுகுப் பக்கத்து மேடு எவ்வளவு உயரமாக இருந்தாலும் பரவாயில்லை, தொடைப் பக்கத்து மேடு தட்டையாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். ரேஸ் காரில் வருகிற மாதிரி விறைப்பான, குழிந்த கார்பன் பக்கெட் சீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உயரம் ஏற்றி இறக்கும் வசதியும், மெமரி பட்டன்களும் கட்டாயம் வேண்டும். பலர் மெமரியை வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவதற்கான வசதி என்று நினைக்கிறார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன்: ஒன்றாம் பட்டனில் ஓட்டுகிற நிலை, இரண்டாம் பட்டனில் இறங்குகிற நிலை, அதாவது சீட் முழுக்க மேலே, முழுக்கப் பின்னால். வண்டியை நிறுத்தி இரண்டை அழுத்தினால் சில நொடிகளில் நீங்கள் எழத் தயாரான உயரத்துக்கு வந்துவிடுவீர்கள். சில வண்டிகளில் இன்ஜினை அணைத்ததும் ஸ்டியரிங் மேலே போய் சீட் பின்னால் நகரும் வசதியே உண்டு. கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதி இதுதான், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம்.

வேட்டி கட்டி ஓட்டுகிறவர்கள் சீட் துணியையும் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பான தோல் சீட்டில் உடம்பு சுலபமாகத் திரும்பும். சொரசொரப்பான துணியிலும், மெல்லிய தோல் மாதிரி இருக்கும் அல்கான்டாரா என்கிற துணியிலும் வேட்டி பிடித்துக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பும், எழுந்து நின்றால் வேட்டி கசங்கி ஒதுங்கியிருக்கும். சேலைக்கும் அதே கதைதான்.

ஏறி இறங்கும் முறை

தாழ்ந்த வண்டியில் ஒரு காலை உள்ளே விட்டு ஒற்றைக் காலில் நின்று உட்காருவதை விட்டுவிடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, காலின் பின்பக்கம் விளிம்பில் படும்வரை பின்னால் வந்து, தலையைக் குனிந்து, முதலில் சீட்டில் உட்கார்ந்துவிடுங்கள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து ஒரே திருப்பில் உள்ளே கொண்டு வாருங்கள். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: சீட்டை உயர்த்தி, இரண்டு காலையும் வெளியே போட்டு, பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஊன்றி, மூக்கை முன்னால் கொண்டுபோய், கையை சீட் விளிம்பில் அழுத்தி எழுங்கள். வேட்டிக்கும் சேலைக்கும் இதைவிட மரியாதையான வழி கிடையாது.

கதவைப் பிடித்து எழாதீர்கள், அது ஆடும். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். கையை எங்கே வைப்பது என்பதை ஷோரூமிலேயே கண்டுபிடியுங்கள். கை ஊன்ற நல்ல இடமே இல்லாத வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

ஷோரூமில் செய்ய வேண்டியது

தினமும் என்ன உடுத்துவீர்களோ அதிலேயே போங்கள், தினமும் போடுகிற செருப்போடு. டேப்பும் எழுதி வைத்த எண்களும் பையில் இருக்கட்டும். சீட்டை முழுக்க மேலேற்றி அதன் முன்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், "அளந்து பார்த்துத்தானுங்க தம்பி வாங்குவோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து முறை ஏறி இறங்குங்கள். முதல் முறை வீம்பில் வந்துவிடும், ஐந்தாவது முறைதான் உண்மை தெரியும். பிறகு வண்டியைச் சுவரோரமாக நிறுத்தச் சொல்லி, கதவு பாதி மட்டும் திறக்கிற நிலையில் ஒரு முறை இறங்குங்கள்.

டெஸ்ட் டிரைவை ஒரு ரவுண்டோடு முடித்துக்கொள்ளாதீர்கள். முன்கூட்டியே பேசி, வார நாளில் காலையில் வரச் சொல்லி, குறைந்தது ஒரு மணி நேரம் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் முடிந்து இறங்குகிற இறக்கம்தான் எனக்கு முக்கியம்.

டெஸ்ட் டிரைவ் உங்கள் வீட்டு வாசல் வரை வந்தாக வேண்டும். தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்களுக்கு மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற மண் தடம், நடுவில் மேடு, மழை பெய்தால் குழி. வேகத்தடைக்கு, ரோடு அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், அந்த அளவில் போட்டால் தாழ்ந்த வண்டிகூட நிதானமாகத் தாண்டும். ஊருக்குள் நோம்பிக்கு முன்னால் அவசரமாகக் கொட்டிய தடைகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், அடிவயிறு தட்டுவது அங்கேதான். முன்பக்கத்தைத் தூக்கும் வசதி 911 போன்றவற்றில் கூடுதல் விலைக்குக் கிடைக்கும், இங்கே அது ஆடம்பரம் இல்லை.

கியர், கண், கழுத்து

கியர் விஷயத்தில் ஆட்டோமேட்டிக் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மேனுவல் ஓட்டுகிற சுகம் எனக்கும் பிடிக்கும், ஆனால் காந்திபுரம் சிக்னலில் அரை மணி நேரம் கிளட்சை மிதித்தால் இடது முட்டி இரண்டு நாள் பேசும். வளைவு ரோடுகளுக்கு ஸ்டியரிங் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றுகிற பேடில் போதும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70, இங்கேயெல்லாம் இறக்கத்தில் பேடிலைத் தட்டிக் கீழ் கியரில் வந்தால் பிரேக்கும் காலும் பிழைக்கும்.

வயதானால் கிட்டத்துப் பார்வை மங்கும், ரோட்டைப் பார்த்த கண்ணை மீட்டருக்குத் திருப்பினால் எழுத்து தெளிய நேரமாகும். முன்கண்ணாடியிலேயே வேகத்தைக் காட்டுகிற ஹெட்-அப் டிஸ்ப்ளே அதற்கு நல்ல மருந்து, அதன் பிம்பம் தள்ளித் தெரிவதால் கண் அதிகம் மாற்றிக் குவிக்க வேண்டியதில்லை. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் அது மங்கிவிடும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கண்புரை ஆரம்பமானவர்களுக்கு எதிர் வண்டி வெளிச்சம் கூசும், வண்டி வாங்கும் முன் கண் டாக்டரைப் பார்த்துவிடுவது உத்தமம்.

கூப்பே வண்டிகளில் பின்பக்கத் தூண் பெரிது, திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கழுத்து திரும்பாதவர்களுக்கு 360 டிகிரி கேமராவும், பக்கத்தில் வருகிற வண்டியைக் கண்ணாடியில் எச்சரிக்கும் விளக்கும் அவசியம். ஏசியையும் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கத் திருகும் பட்டன் இருந்தால் நல்லது, எல்லாவற்றையும் திரையில் தடவித் தேடுவது ஓட்டும்போது தொல்லை.

எந்த வண்டி?

எனக்கு முதலிடம் எம்340ஐ. சென்னையில் அசெம்பிள் செய்கிறார்கள், 3 லிட்டர் ஆறு சிலிண்டர், 374 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் சக்தி, 100-ஐ 4.4 விநாடியில் எட்டும், அப்படியும் சாதாரண செடான் மாதிரி ஏறி இறங்கலாம், நான்கு கதவு, கியர்பாக்ஸ் அவ்வளவு மென்மை. ஒரம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகலாம். கோல்ஃப் ஜிடிஐ 2025-ல் இறக்குமதியாக வந்தது, 265 குதிரைத்திறன், முன்கண்ணாடி நிமிர்ந்து நிற்பதால் தலை இடிக்காது, ஊருக்குள் திருப்பச் சின்ன வண்டி. ஸ்டியரிங்கில் பழையபடி அழுத்தும் பட்டன்கள் வந்துவிட்டன. மினி கூப்பர் எஸ்-ல் வேகத்தைவிட வளைவில் திரும்பும் சந்தோஷம் அதிகம், ஆனால் கதவு நீளம், சஸ்பென்ஷன் கொஞ்சம் விறைப்பு, முதுகுவலிக்காரர்கள் நம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தே முடிவெடுங்கள். ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக்குக்கு நான்கு கதவும் அழகும் உண்டு, கூரைதான் பின்னால் சரிகிறது.

பழைய வண்டிச் சந்தையில் ஃபோர்டு மஸ்டாங் நல்ல யோசனை, 5 லிட்டர் வி8, 2016-லிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு இங்கே விற்றார்கள், அந்த ஜாதியில் சீட் அவ்வளவு தாழ்வில்லை, நீளக் கதவுக்கு மட்டும் இடம் வேண்டும். 911-ஐ முட்டி தேறினவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

பணமும் தாளும்

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். 50 லட்சம் வண்டி என்றால் வரிக்கே 10 லட்சம். ஏற்கெனவே இங்கே பதிவான பழைய வண்டியில் அந்தச் செலவு முதல் ஓனரோடு முடிந்துவிட்டது. பெங்களூரிலோ டெல்லியிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், தடையில்லாச் சான்றும் இங்கே மறுபடி கட்ட வேண்டிய வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய வண்டியில் ஓட்டுநர் சீட்டின் வலது மேட்டைப் பாருங்கள், தோல் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு ஏறி இறங்கியிருக்கிறார்கள், மீட்டர் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டு உயரமும் முக்கியம், பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் குழியில் விழுந்தால் இரண்டும் போகும், ஒரு அங்குலம் சின்ன ரிம் கிடைக்குமானால் அதையே எடுங்கள்.

லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து ஐந்து வருடம்தான் தருவார்கள், படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்றும் வேண்டும். காலாவதியான லைசென்ஸோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் இழுபறிதான். சர்க்கரையால் பாதத்தில் மரத்துப் போகிற உணர்வு இருந்தால் அதையும் அப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், இவ்வளவு சக்தியுள்ள வண்டியில் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பது காலுக்குத் தெரிய வேண்டும்.

டெலிவரி எடுக்கும் நாளில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் ஏற்றிய கையோடு இரண்டு மெமரி பட்டன்களையும் அங்கேயே பதிவு செய்துவிடுங்கள், ஷோரூம் ஆள் பக்கத்தில் இருக்கும்போது அது ஐந்து நிமிட வேலை. வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஓட்டுநர் கதவு முழுக்கத் திறக்கிற அளவு இடம் விட்டுத் தரையில் ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் யாரும் பைக்கை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.